பரஸ்பர சம்மத விவாகரத்து: மனு எழுதும் முன்பிருந்து தீர்ப்பு நகல் கைக்கு வரும்வரை

இருவரும் சம்மதித்துப் பிரிவதில் சிரமமே இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதையில் நடந்திராதவர்கள். எதிரெதிராக நின்று நடத்தும் வழக்கோடு பார்த்தால் இது சுருக்கமானதுதான், மறுக்கவில்லை. நீதிபதியின் முன் நிற்கும் நேரம் சில நிமிடங்களைத் தாண்டாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள காகித வேலைதான் ஆளை அலைக்கழிக்கிறது. என் வழக்கு முடிந்த பிறகு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அதே கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சொன்னவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

தமிழ்நாட்டில், 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின் கீழ் விவாகரத்து பெறுவோருக்கான குறிப்புகள் இவை. நான் வழக்கறிஞர் அல்ல. உங்கள் வழக்குக்கு ஒரு வழக்கறிஞரின் கண் கட்டாயம் வேண்டும். ஆனால் அவரிடம் போகும்போது என்ன கேட்பது, என்ன கொண்டுபோவது என்று தெரிந்துகொண்டு போனால் பாதிக் குழப்பம் குறையும்.

1. இந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

சட்டம் கேட்பது மூன்று. மனு போடும் நாளில் நீங்கள் இருவரும் குறைந்தது ஓராண்டாகப் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியாத நிலை இருக்க வேண்டும். திருமணத்தை முடித்துக்கொள்ள இருவரும் மனமொத்துச் சம்மதித்திருக்க வேண்டும்.

பிரிந்து வாழ்வது என்றால் வெவ்வேறு ஊரில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுரேஷ்தா தேவி வழக்கில் சொல்லியிருக்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்ய முடியாமல் ஆளுக்கோர் அறையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. நடைமுறை ஏறக்குறைய இதேதான். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு. அதில் எழுதியிருப்பது ஓராண்டு அல்ல, ஈராண்டுப் பிரிவு. முஸ்லிம்களுக்கு முபாராத், குலா என்று வேறு வழிகள் உண்டு. அவை இந்தக் கட்டுரைக்குள் வரவில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடி உதை இருந்தால், மிரட்டிக் கையெழுத்து வாங்கப் பார்த்தால், 'சம்மதம்' என்ற பேச்சை அப்படியே நிறுத்துங்கள். முதலில் பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மற்றதெல்லாம் அதன் பிறகு.

2. முத்திரைத்தாளில் முடித்துக்கொள்ளும் யோசனையைக் கைவிடுங்கள்

இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் 'இனி ஒருவருக்கொருவர் எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயரும் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. செலவு குறைவு, வாய்தா இல்லை, ஊருக்கும் தெரியாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தத் திருமணம் அப்படியே உயிரோடு இருக்கிறது. சமூக வழக்காற்றின்படியான மணமுறிவைச் சட்டம் ஏற்பது உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் உங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது திருமணம் செல்லாது. அதோடு நிற்காது: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டுகள்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் அது. பத்திரம் எழுதிக் கொடுத்தவர் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

3. ஆவணங்களை முதலில் கைக்குக் கொண்டுவாருங்கள்

பேச்சுவார்த்தை சுமுகமாக இருக்கும்போதே உங்கள் அசல் ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், பான் அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், காப்பீட்டுப் பத்திரங்கள், நகை அடகு ரசீதுகள். திருமணமாகிப் போகும்போது பெட்டியோடு எடுத்துப்போன பட்டச் சான்றிதழ், பேச்சு முறிந்த பிறகு புகுந்த வீட்டு பீரோவிலேயே தங்கிவிடும். அதற்காக ஒரு தனிப் பஞ்சாயத்து நடக்கும்.

மனுவுக்கு வேண்டியவை:

- திருமண அழைப்பிதழ் (அசல்)
- தாலி கட்டும்போதோ மாலை மாற்றும்போதோ இருவர் முகமும் தெரியும்படி எடுத்த புகைப்படம்
- திருமணப் பதிவுச் சான்றிதழ், இருந்தால்
- இருவரின் ஆதார், இப்போதைய முகவரிக்கான சான்று
- பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்
- இருவரின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள்
- உடன்படிக்கை (அடுத்த தலைப்பு முழுக்க அதைப் பற்றித்தான்)

திருமணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்தான். ஆனால் பதியாததால் திருமணம் செல்லாமல் போய்விடாது, விவாகரத்தும் தடைபடாது. அழைப்பிதழும் புகைப்படமும் திருமணம் நடந்ததற்குச் சான்றாக நிற்கும்.

அழைப்பிதழை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நம் ஊரில் வரவேற்பு பெரும்பாலும் முந்தின நாள் மாலை, முகூர்த்தம் மறுநாள் விடியற்காலை. மனுவைத் தட்டச்சு செய்பவர் கண்ணில் முதலில் படும் தேதியை எடுத்துப் போட்டுவிடுவார். இப்படி வரவேற்புத் தேதி திருமணத் தேதியாக ஏறிய மனுக்கள் திரும்பி வருகின்றன. அதைவிட மோசம், யார் கண்ணிலும் படாமல் தீர்ப்புவரை போய்விடுவது. பெயரும் அப்படித்தான். அழைப்பிதழில் வீட்டுப் பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தந்தை பெயராக நிற்கும். மனுவின் முகப்பிலேயே 'இன்னார் என்கிற இன்னார்' என்று எல்லா வடிவங்களையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் பாஸ்போர்ட் அலுவலகத்தில் அந்த ஒரு வரி காப்பாற்றும்.

4. மனுவுக்கு முன் உடன்படிக்கையை எழுதி முடியுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வழக்கும் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. 'முதலில் மனுவைப் போடுவோம், பணம் நகையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிறகு பேசும்போது ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள். தாய்மாமன், பெரியப்பா வழியாகத் தூது போகும்போது இங்கிருந்து கிளம்பும் தொகை ஒன்று, அங்கே போய்ச் சேரும் தொகை வேறு. எண்ணை நீங்கள் இருவரும் நேராகப் பேசுங்கள். முடியாவிட்டால் வழக்கறிஞர்கள் பேசட்டும். ஒவ்வொரு முடிவையும் அன்றே எழுத்தில் போட்டுவிடுங்கள்.

*ஜீவனாம்சம்.* மொத்தமாக ஒரே தொகையா, மாதாமாதமா என்று தெளிவாக எழுதுங்கள். மொத்தமாகப் பெறும் தொகையை மூலதன வரவாகவும், மாதத் தொகையை வருமானமாகவும் பார்க்கும் நிலைப்பாட்டை நீதிமன்றங்கள் எடுத்திருக்கின்றன. வருமான வரி விஷயத்தில் இதனால் பெரிய வித்தியாசம் வரும் என்பதால் தொகையை முடிவு செய்யும் முன் ஓர் ஆடிட்டரிடம் கேளுங்கள். எவ்வளவு நியாயம் என்று தெரியாமல் தவிப்பவர்கள், இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாக எழுதி மாற்றிக்கொள்ளலாம். ஜீவனாம்ச வழக்குகளில் இதை இரு தரப்பும் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அதற்கான படிவத்தையும் தந்திருக்கிறது. சமரசத்தில் பிரிபவர்களுக்கும் அந்தப் படிவம் நல்ல அளவுகோல்.

*பணம் கைமாறும் விதம்.* முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். முழுத் தொகையையும் கடைசி நாள்வரை வாங்காமலும் இருக்காதீர்கள். ஏனென்றால் தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஒரு பகுதி மனு தாக்கலின்போது, மீதி கடைசி விசாரணை நாளில் நீதிபதியின் முன் என்று பிரிப்பது வழக்கம். டிமாண்ட் டிராஃப்ட் எடுக்கிறவர்கள் அது மூன்று மாதம்தான் செல்லும் என்பதை மறக்க வேண்டாம். வழக்கு இரண்டு வாய்தா தள்ளிப் போனால் டிராஃப்ட்டின் ஆயுள் முடிந்துவிடும். மறுபடி வங்கிக்கு ஓட வேண்டும். ரொக்கம் வேண்டவே வேண்டாம். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது, அபராதம் வாங்கியவருக்கு. அதைவிட முக்கியம், ரொக்கத்துக்குச் சாட்சி கிடையாது.

*நகையும் சீர்வரிசையும்.* 'நகைகள் திருப்பித் தரப்பட்டன' என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு நகையும் பெயரோடு, பவுன் கணக்கோடு பட்டியலில் வர வேண்டும். ஆரம், நெக்லஸ், வளையல் எத்தனை ஜோடி, எது அடகில் இருக்கிறது, அதை யார் மீட்பது, வட்டி யார் தலையில். பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் போட்ட நகை சட்டப்படி அவளுடைய சீதனம். ஜீவனாம்சத்தில் கழிக்கும் பொருள் அல்ல. பேச்சில் இரண்டையும் கலந்து ஒரு கணக்காகச் சொல்வார்கள். தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒப்படைக்கும் நாளில் தாலி என்ன ஆகிறது என்பதையும் இருவரும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்த நேரத்தில் அங்கே நிற்கும் பெரியவர்களுக்குள் வாக்குவாதம் கிளம்புவது பெரும்பாலும் அதில்தான்.

*வீடும் கடனும்.* இதைக் கவனமாகப் படியுங்கள். ஒருவர் பெயரில் உள்ள வீட்டையோ கூட்டுப் பெயரில் உள்ள பங்கையோ மற்றவருக்கு எழுதிக் கொடுப்பதாக முடிவானால், அந்தப் பத்திரத்தைத் தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்யுங்கள். கணவன் மனைவி போன்ற குடும்ப உறுப்பினர்களுக்கிடையே எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் நிர்ணயித்த அளவு இது. தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் கணவனும் மனைவியும் அல்ல, சலுகையும் இல்லை. விற்பனைப் பத்திரம் என்றால் 7 சதவீதத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 50 லட்சம் ரூபாய் உள்ள வீட்டுக்கு முன்னது 50,000 ரூபாயில் முடியும். பின்னது நாலரை லட்சம். எழுதிக் கொடுத்த பிறகு எதிர்த்தரப்பு பின்வாங்கிவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். அதற்குத்தான் பதிவைக் கடைசி விசாரணைக்கு முந்தைய நாட்களில் வைத்துக்கொள்வது. சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் கிடைக்கும் நாளையும் விசாரணை நாளையும் ஒட்டி அமைக்க முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் இன்னொரு கண்ணி. 'மீதித் தவணைகளை அவர் கட்டுவார்' என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கூட்டுக் கடனாளியாக உங்கள் பெயர் இருக்கும்வரை, அவர் தவணை தவறினால் வங்கியின் நோட்டீஸ் உங்களுக்கும் வரும்; சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். கடனை ஒருவர் பெயருக்கு மாற்றி வங்கி கடிதம் தரும்வரை இந்த அம்சம் முடிந்ததாக நினைக்காதீர்கள். சம்பளம் போதாது என்று வங்கி மறுக்கவும் கூடும். ஆகவே இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

*பிள்ளைகள்.* பாதுகாவல் யாரிடம் என்று எழுதினால் மட்டும் போதாது. மற்றவர் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் பார்க்கலாம்? காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு விடுமுறைகள் எப்படிப் பிரியும்? தீபாவளி யாரிடம், பொங்கல் யாரிடம்? பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு யாருடையது, ஆண்டுதோறும் ஏறும் கட்டணத்துக்கு என்ன வழி? வெளிநாட்டுப் பயணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் கையெழுத்துத் தருவாரா? 'பரஸ்பர வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம்' என்ற தொடர் மனுவில் அழகாக இருக்கும். முதல் கோடை விடுமுறையிலேயே அது எதற்கும் உதவாது என்று தெரிந்துவிடும். இன்னொன்று: தாய் தனக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். பிள்ளையின் பராமரிப்பு உரிமையை அவரால் விட்டுக்கொடுக்க முடியாது. அது பிள்ளையுடையது.

5. வழக்கறிஞரும் செலவும்

நீதிமன்றக் கட்டணம் சொற்பம். செலவெல்லாம் வழக்கறிஞர் கட்டணத்தில்தான். அது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். தொகையைவிட, அதற்குள் எவையெல்லாம் அடங்கும் என்பதைக் கேளுங்கள். உடன்படிக்கை எழுதுவது, இடைக்கால மனுக்கள், இரண்டு கட்ட விசாரணை, சான்றிட்ட நகல் வாங்கித் தருவது, வேறு வழக்குகள் இருந்தால் அவற்றை முடிப்பது எல்லாம் சேர்த்தா, தனித்தனியா? ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகக் கேட்பாரா? பதிலை வாட்ஸ்அப் செய்தியாகவாவது வாங்கி வையுங்கள். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசிக் கட்டத்தைச் சான்றிட்ட நகல் வந்ததும் தருவதாகப் பேசுங்கள்.

கூட்டு மனு என்பதால் இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் போதும் என்பார்கள். நடைமுறையில் அப்படி நடப்பதுண்டு. அப்படியே செய்தாலும், உடன்படிக்கையை மட்டுமாவது உங்களுக்கென்று இன்னொரு வழக்கறிஞரிடம் படிக்கக் கொடுங்கள். அரை மணி நேர ஆலோசனைக் கட்டணம்தான் ஆகும்.

பணம் இல்லை என்பதற்காக நிற்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு எதுவும் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், தொலைபேசியில் 15100.

6. மனு தாக்கல்

திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது வசிக்கும் ஊர், இவற்றில் எதற்குரிய நீதிமன்றத்திலும் போடலாம். இருவருக்கும் வந்துபோகத் தோதான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குறைந்தது இரண்டு முறை இருவரும் அங்கே நிற்க வேண்டியிருக்கும். சென்னையில் குடும்ப நல நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. குடும்ப நல நீதிமன்றம் இல்லாத இடங்களில் சார்பு நீதிமன்றம்.

தாக்கல் செய்த உடனே வழக்கு எண் விழுந்துவிடாது. அலுவலகம் சரிபார்த்து, குறை இருந்தால் மனுவைத் திருப்பும். பக்க எண், கையெழுத்து விட்டுப்போனது, முகவரிச் சான்று பொருந்தாதது என்று காரணங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். 'போட்டாச்சு' என்று வழக்கறிஞர் சொன்னால், எண் விழுந்ததா என்று கேளுங்கள். எண் விழுந்ததும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை (உங்கள் வழக்குக்கான தனி அடையாள எண்) வாங்கி, ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுவிடுங்கள். அடுத்த வாய்தா எப்போது என்று யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பொது அதிகார ஆவணத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். வந்து சேர்ந்த கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதிக்கு அதுதான் சான்று. காணொலி வழியாக முன்னிலையாக அனுமதி கேட்டும் மனு போடலாம். அது நீதிபதியின் முடிவு.

7. அந்த ஆறு மாதம்

மனு தாக்கல் ஆன நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதத்தை உறுதிப்படுத்த வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தளர்த்த முடியுமா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. முடியும். 2017-இல் அமர்தீப் சிங் – ஹர்வீன் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி விட்டது. மனு போடும்போதே ஒன்றரை ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். ஜீவனாம்சம், பிள்ளைகளின் பாதுகாவல் உள்ளிட்ட எல்லாமும் உண்மையாகவே பேசி முடிந்திருக்க வேண்டும். மேலும் காத்திருப்பது வேதனையை நீட்டுவதாக மட்டுமே இருக்க வேண்டும். முதல் கட்டம், அதாவது மனு போட்டபின் நடக்கும் முதல் விசாரணை, முடிந்த ஒரு வாரத்திலேயே இதற்கான மனுவைப் போடலாம். கிடைப்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. உரிமையாகக் கேட்க முடியாது. நான்காம் தலைப்பில் அவ்வளவு நேரம் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்: உடன்படிக்கை அரைகுறையாக இருந்தால் தளர்த்தும் மனு நிற்காது.

ஆறு மாதம் என்று சட்டத்தில் இருப்பதை நாட்காட்டியில் ஆறு மாதம் என்று கணக்குப் போடாதீர்கள். கோடை விடுமுறை, தசரா, கிறிஸ்துமஸ் விடுமுறை, நீதிபதி மாற்றம், வழக்கறிஞர்கள் புறக்கணிப்பு எல்லாம் நடுவில் வரும். விசா, வேலை மாற்றம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை எதையும் ஆறாம் மாதத்தோடு முடிச்சுப் போடாமல் இருப்பது நலம்.

இந்தக் காலத்தில் செய்ய வேண்டிய பெரிய வேலை, மற்ற வழக்குகளை முடிப்பது. விவாகரத்து கிடைத்தால் எல்லா வழக்குகளும் தானாக முடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். முடியாது. ஜீவனாம்ச வழக்கு, குடும்ப வன்முறை மனு ஆகியவற்றை அந்தந்த நீதிமன்றத்தில் திரும்பப் பெற வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைக் கொடுமை வழக்குப் பதிவாகியிருந்தால் (பழைய 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85) அது சமாதானமாகிவிட்டோம் என்று சொல்லி முடிக்கக்கூடிய வகை அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரத்து மனு போட்டு, புகார் கொடுத்தவர் சம்மதப் பிரமாணப் பத்திரம் தந்து, உத்தரவு வாங்க வேண்டும். உடன்படிக்கையில் ஒவ்வொரு வழக்கின் எண்ணையும் எழுதி, எதை யார் எந்தக் கட்டத்துக்குள் முடிப்பது என்றும் குறித்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ரத்து மனுவுக்கு வராமல் இழுத்தடிப்பதும், ரத்து உத்தரவு கைக்கு வந்ததும் மீதிப் பணத்தைத் தராமல் நழுவுவதும் இரு பக்கமும் நடப்பவை.

8. விசாரணை நாள்

காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் பட்டியலில் உங்கள் வரிசை எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். டவாலி பெயரைக் கூப்பிடும்போது இருவரும் அருகில் இருக்க வேண்டும். தேநீர் குடிக்கப் போனவருக்காக நீதிமன்றம் நிற்காது. அசல் ஆவணங்கள், இருவரின் ஆதார், டிராஃப்ட், அதன் நகல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். முன்னதாக ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். சேர்ந்து வாழ வாய்ப்புண்டா என்று கேட்பது அவர்கள் கடமை. எரிச்சல் வேண்டாம், உங்கள் முடிவை அமைதியாகச் சொல்லுங்கள்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் கேட்பவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். எப்போது திருமணம், எப்போதிலிருந்து பிரிந்து இருக்கிறீர்கள், யாராவது வற்புறுத்தினார்களா, தொகை வந்துவிட்டதா, பிள்ளை யாரிடம். திருமணத் தேதியையும் பிரிந்த தேதியையும் தடுமாறாமல் சொல்லுங்கள். மனுவில் இருப்பதும் உங்கள் வாயில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். அழைப்பிதழும் புகைப்படமும் சான்றாவணங்களாகக் குறிக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, முத்திரை குத்தப்படும். அவை உங்கள் கைக்கு உடனே திரும்பாது என்பதால் முன்பே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் முன்னால் பேசக் கூச்சமாக இருந்தால் தனி அறையில் விசாரிக்கும்படி கேட்கலாம். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. கேட்பவர்கள்தான் குறைவு.

9. தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு சொன்னதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அன்றே நகல் மனு போடச் சொல்லுங்கள். தீர்ப்புரை (காரணங்களோடு எழுதிய தீர்ப்பு), தீர்ப்பாணை (அதன் முடிவைச் சொல்லும் ஆணை) இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வேண்டும். ஆளுக்கு இரண்டு படிகளாவது வாங்குங்கள். சில அலுவலகங்கள் அசலை வாங்கி வைத்துக்கொள்ளும். நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயர், தந்தை பெயர், திருமணத் தேதி, வழக்கு எண், பிள்ளைகளின் பெயர் எல்லாவற்றையும் வரி வரியாகப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்த மனு போட்டு மாற்றலாம். உடனே செய்தால் எளிது, வழக்குக் கட்டு ஆவணக் காப்பறைக்குப் போன பிறகு தேடி எடுக்கவே நாளாகும்.

இருவர் சம்மதத்தோடு குடும்ப நல நீதிமன்றம் தரும் தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. இருந்தாலும் மறுமணம் பேசி வைத்திருப்பவர்கள் தேதி குறிக்கும் முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேல்முறையீட்டுக் காலம் கழியட்டும் என்று சொல்பவர்களும் உண்டு.

பிறகு பெயர் மாற்றும் படலம். வங்கி, பி.எஃப்., காப்பீடு, மியூச்சுவல் ஃபண்டு எதிலும் நாமினி தானாக மாறாது. ஒவ்வொன்றிலும் நீங்களே மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பணம் நாமினியாக இருக்கும் முன்னாள் துணைவரின் கைக்கே போகும். குடும்ப அட்டையில் பெயரை நீக்கினால்தான் புது அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை நீக்கத் தீர்ப்பாணை நகல் கேட்பார்கள். பள்ளியில் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதை எழுத்தில் கொடுத்து, பாதுகாவல் பகுதி உள்ள பக்கத்தின் நகலையும் தலைமையாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். அலுவலகத்தில் மருத்துவக் காப்பீட்டுப் பட்டியலில் முன்னாள் துணைவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.